தி எக்ஸிட் 8: ஒரே நடைபாதை, எட்டு திருப்பங்கள், ஏகப்பட்ட கேள்விகள்

"ஒரு நடைபாதை. அதில் நடக்கணும். அவ்வளவுதானா கேம்?" இந்த கேமைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். ஆமாம், அவ்வளவுதான். ஆனால் ஆடி முடித்தவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இரண்டு வகையையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவு எப்படி என்று எங்கும் சொல்லவில்லை. உள்ளே வரும் விசித்திரங்களில் நாலைந்தை மட்டும் உதாரணத்துக்குத் தொட்டிருக்கிறேன். அதுவும் தெரியக்கூடாது என்பவர்கள் முதலில் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

இது யார் செய்தது, எப்போது வந்தது?

ஜப்பானைச் சேர்ந்த கோட்டாகே கிரியேட் என்ற பெயரில் இயங்கும் தனியொருவர் செய்தது. 2023 நவம்பர் கடைசியில், கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியானது. வெளியானபோது ஜப்பானில் விலை 470 யென். அடுத்த வருடமே ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் என்று மற்ற கேம் கருவிகளுக்கும் போனது. பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. யூடியூபில் ஒருவர் ஆடுவதை ஆயிரம் பேர் பார்த்து, "அதோ, அந்த போஸ்டரைப் பார்!" என்று கத்தியே பரவியது.

என்னதான் செய்ய வேண்டும்?

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சுரங்க நடைபாதையில் நிற்கிறீர்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர், மேலே வரிசையாக விளக்குகள், ஒரு பக்கம் விளம்பரப் போஸ்டர்கள், எதிர்ப்பக்கம் ஊழியர்கள் மட்டும் நுழையும் கதவுகள். முடிவில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் அதே நடைபாதை மறுபடி வருகிறது.

சுவரில் ஒரு பலகை விதிகளைச் சொல்லும். பிசகு எதையும் தவறவிடாதே. பிசகைக் கண்டால் உடனே திரும்பிப் போ. காணவில்லை என்றால் திரும்பாதே. எட்டாம் எண் வாசல் வழியாக வெளியேறு. பிசகு என்பது என் சொல். வழக்கமாக இருக்க வேண்டியதிலிருந்து ஏதோ ஒன்று மாறியிருப்பதுதான் அது. சரியாக முடிவெடுத்தால் மஞ்சள் பலகையில் வாசல் எண் ஒன்று கூடும். தப்பாக எடுத்தால் ஏழில் இருந்தாலும் பூஜ்யம்.

திரும்பி நடந்தால் வந்த இடத்துக்கே போய்விட மாட்டோமா?

மாட்டீர்கள். எந்தப் பக்கம் போனாலும் அதே நடைபாதைதான் முன்னால் வரும். திரும்புவது ஒரு பதில், நேரே போவது இன்னொரு பதில், அவ்வளவே. ஆரம்பத்தில் பலரும் மனத்துக்குள் வரைபடம் போட்டு, "இப்போது நான் எந்தத் திசையில் இருக்கிறேன்" என்று குழம்புவார்கள். வரைபடத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அந்த வளைவுகள் சும்மா இல்லை. அடுத்த நடைபாதை கண்ணில் படாமல் மறைக்கின்றன. நீங்கள் பார்க்காத அந்தச் சில நொடிகளில் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். கேம் செய்பவர்களுக்கு இது பழைய உத்தி. இங்கே அந்த உத்தியையே கேமாக்கிவிட்டார்கள்.

பேய் வருமா? திடீரென்று கத்துமா?

பேய் வேட்டை, ரத்தக்களறி என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உங்களிடம் ஆயுதமும் இல்லை. சில பிசகுகள் உங்களை நோக்கி வரும், பிடிபட்டால் மறுபடி பூஜ்யம். ஓரிரு இடங்களில் திடுக்கிடவும் நேரும். ஆனால் முகத்துக்கு நேரே பாய்ந்து அலறுகிற ஜம்ப் ஸ்கேரை நம்பி இந்த கேம் பிழைக்கவில்லை.

அப்படியானால் பயம் எங்கிருந்துதான் வருகிறது?

இதற்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்கிறேன். இந்த கேமில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

பாழடைந்த பங்களா, சுடுகாடு, மூடிப்போன ஆஸ்பத்திரி இவையெல்லாம் நுழையும்போதே "பயப்படு" என்று சொல்லிவிடும். மனசும் தயாராகிவிடும். சுரங்க நடைபாதை அப்படிச் சொல்வதில்லை. வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது, தரை சுத்தமாக இருக்கிறது, சுவரில் பல் மருத்துவர் விளம்பரம் இருக்கிறது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத இடம். ஒரே ஒரு குறை, ஆள் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போவதற்காகக் கட்டிய இடத்தில் ஒருவரும் இல்லாதபோது நமக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது. இரவில் பள்ளிக்கூட வராந்தா, விடிகாலை விமான நிலையம், கடை மூடிய பிறகு மால், எல்லாம் இந்த ரகம். இணையத்தில் இவற்றை லிமினல் ஸ்பேஸ் என்கிறார்கள். தங்குவதற்கு இல்லை, தாண்டிப் போவதற்கு மட்டுமே என்று அமைந்த இடங்கள். இந்த கேமில் அந்த இடத்தைத் தாண்டவே விட மாட்டேன் என்கிறார்கள்.

இது முதல் படி. அடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். இரண்டு மூன்று தடவை நடந்தபின் அந்த இடம் உங்களுக்குப் பழகிவிடும். எந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில் எது, எந்தக் கதவில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பழகிய அந்த இடத்தில் ஒரு கதவின் கைப்பிடி மட்டும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். அதில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை. வெறும் கைப்பிடி. ஆனாலும் முதுகுத்தண்டு சில்லிடும். தன் வீட்டுக் கதவை இருட்டில் தடவிக்கொண்டு போகிறவருக்கு, தாழ்ப்பாள் வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. எதுவும் மாறாத நடைபாதைதான் என்னை அதிகம் படுத்தியது. மாற்றம் தெரிந்துவிட்டால் நிம்மதி, திரும்பிவிடலாம். ஒன்றும் தெரியாவிட்டால் "நிஜமாகவே ஒன்றும் இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா" என்று நின்று கொண்டிருக்க வேண்டும்.

எதிரே நடந்து வருகிற அந்த ஆள் யார்?

வெள்ளைச் சட்டை, கையில் பை, அலுவலகம் முடிந்து போகிற முகம். உங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவார். ஜப்பானியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஓஜிசான்'. நடுவயது ஆண்களைப் பொதுவாகக் கூப்பிடும் சொல், நாம் 'அங்கிள்' என்பது போல. கேமில் அசைகிற ஒரே மனிதர் என்பதால் கண் தானாக அவர் மேல்தான் போகும். அதில் ஒரு வம்பும் இருக்கிறது. அவரையே பார்த்துக் கொண்டிருக்கும்போது சுவரில் இருப்பது தவறிப்போகும். சுவரையே பார்த்தால் அவர் நடையிலோ முகத்திலோ இருக்கும் வித்தியாசம் தவறிப்போகும். அவர் யார், ஏன் நடக்கிறார் என்று கேம் விளக்குவதில்லை. விளக்காததே நல்லது.

கண்ணெதிரே இருப்பதே தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லோருக்கும்தான். உளவியலில் இதற்கு மாற்றக் குருடு என்று பெயர் சொல்லலாம். 1998இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஒருவர் பாதசாரியிடம் வழி கேட்பார். பேச்சு நடக்கும்போதே இருவர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து போவார்கள். அந்த இடைவெளியில் வழி கேட்டவர் மாறிவிடுவார், வேறொரு ஆள் நின்று பேச்சைத் தொடர்வார். பாதசாரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆள் மாறியதைக் கவனிக்கவே இல்லை.

மறு வருடம் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸுடன் சேர்ந்து செய்தது இன்னும் பிரபலம். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோ காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்டவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை.

பத்திரிகையில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' புதிரில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண் போய்ப் போய் வரலாம். இங்கே ஒரு படம்தான் முன்னால் இருக்கிறது, மற்றொன்று உங்கள் ஞாபகத்தில். நடுவில் அந்த வளைவு, மேற்சொன்ன கதவு செய்த வேலையைச் செய்கிறது. ஆறு வித்தியாசம் என்று எண்ணிக்கையும் சொல்லித் தருவதில்லை. ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மெதுவாக மாறும் பிசகுகள் இன்னும் மோசம். ஒரு போஸ்டர் நீங்கள் நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். திடீரென்று மாறினால் கண் பிடித்துவிடும். மெல்ல மாறினால் "முதலிலிருந்தே இப்படித்தானோ" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

சரி, எப்படிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளாமல் போகலாம்?

ஆரம்பத்தில், எண் பூஜ்யத்தில் இருக்கும்போதே, அவசரப்படாமல் நின்று நடைபாதையை மனப்பாடம் செய்யுங்கள். வெறுமனே பார்த்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லுங்கள். "பல் டாக்டர், நாய், கேமரா எச்சரிக்கை" என்று போஸ்டர்களை வரிசையாகச் சொன்னால் படம் சொல்லாகிவிடும். சொல் மறப்பது கஷ்டம்.

அப்புறம் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் மேலே பார்ப்பேன், விளக்குகளும் பலகையும். பிறகு எதிரே வருபவர். அவர் கடந்ததும் போஸ்டர்கள், அதன்பின் கதவுகள், கடைசியாகத் தரை. முடிவில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். வரிசை எதுவானாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் அதே வரிசையாக இருக்க வேண்டும். இஷ்டத்துக்குக் கண்ணை ஓட்டுகிறவர்கள் ஒரே போஸ்டரை மூன்று தடவை பார்த்துவிட்டு ஒரு கதவைப் பார்க்காமலே போவார்கள்.

போஸ்டர்களில் ஆள் இருந்தால் கண்களைப் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் கேமையே நான் ஆடிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் பிசகு இருப்பதாக நினைத்துத் திரும்பிவிடுகிறேன். என்ன செய்ய?

இந்த கேமின் உண்மையான எதிரி இதுதான். மற்ற திகில் கேம்களில் சந்தேகப்படுவது பாதுகாப்பு. சத்தம் கேட்டதா? ஒளிந்துகொள், ஒன்றும் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. இங்கே இருப்பதைத் தவறவிட்டாலும் பூஜ்யம், இல்லாததைக் கண்டாலும் பூஜ்யம். அதனால் எந்தப் பக்கமும் சாய முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது எவ்வளவு கொடுமை என்று புரியும். தொடர்ந்து எட்டு முடிவுகள் சரியாக இருக்க வேண்டும் என்று வையுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்கிற கெட்டிக்காரர் என்றாலும், எட்டும் சரியாக அமைய வாய்ப்பு சுமார் 43 சதவீதம். பத்துக்கு எட்டு என்றால் 17 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டால் 256இல் ஒன்று. ஆக, ஆறிலும் ஏழிலும் போய் விழுவது உங்கள் துரதிருஷ்டம் இல்லை, கணக்கே அப்படித்தான்.

எண் ஏற ஏற அதே நடைபாதை பயங்கரமாகத் தெரிவதும் இதனால்தான். ஒன்றில் நிற்கும்போது இழப்பதற்கு எதுவும் இல்லை. ஏழில் நிற்கும்போது ஓடுகளுக்கு நடுவில் இருக்கும் கோடுகூடக் கோணலாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதன் பிறகு மீதி பிசகுகளைத் தேட இன்னொரு மணி நேரம் போகலாம். மொத்தம் முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே ஆட்டத்தில் எல்லாம் கண்ணில் படாது.

இவ்வளவு சின்ன கேமுக்குக் காசா? முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமே?

வாங்கலாம்தான். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேம் பிடிக்காதவர்களுக்கும், ஓடாத கணினிக்காரர்களுக்கும் வைத்த வசதி அது. முழுதாக ஆடி ரசித்துவிட்டு அதைப் பயன்படுத்தினால், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற கேம் செய்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2021இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் திகில் கேம் செய்துவந்தவர், தன் 'சம்மர் ஆஃப் 58'ஐ முடித்தவர்கள் பலர் நல்ல விமர்சனமும் எழுதிவிட்டுப் பணத்தையும் திரும்ப வாங்கியதால் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தார். அந்த கேம் முடிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

நீளத்தைப் பொறுத்தவரை, திகிலுக்குக் குறைவே அழகு என்பது என் கட்சி. பயம் பழகினால் சலிப்பாகிவிடும். இதே நடைபாதையில் பத்து மணி நேரம் நடக்க வைத்திருந்தால் ஓஜிசானுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்திருப்போம்.

இசையே இல்லையே, ஹெட்போன் வேண்டுமா?

கட்டாயம் போடுங்கள். உங்கள் காலடிச் சத்தம், அவர் காலடிச் சத்தம், விளக்குகளின் முனகல், இவ்வளவுதான் கேட்கும். பின்னணி இசை இருந்தால் அது எப்போது பயப்படலாம் என்று சைகை காட்டிவிடும். சில பிசகுகளைக் கண்ணுக்கு முன்னால் காது பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

இந்த யோசனை இதற்கு முன்பு இல்லையா?

தனித்தனித் துண்டுகளாக இருந்தது. திரும்பத் திரும்ப வரும் ஒரே நடைபாதை என்றால் எல்லோரும் 'பி.டி.' என்ற திகில் கேமைத்தான் சொல்வார்கள். 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் வந்தது. எல் வடிவத்தில் வளையும் ஒரு வீட்டு நடைபாதை, கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி முதல் கதவு. ஆடி முடித்தவர்களுக்குத்தான் அது கேம் இயக்குநர் ஹிடேயோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த 'சைலன்ட் ஹில்ஸ்' கேமின் முன்னோட்டம் என்று தெரிந்தது. 2015 ஏப்ரலில் அதை வெளியிடவிருந்த கொனாமி நிறுவனம் அந்தப் பெரிய கேமைக் கைவிட்டு, முன்னோட்டத்தையும் கடையிலிருந்து நீக்கிவிட்டது. முழு கேம் வரவேயில்லை, ஒரு நடைபாதை மட்டும் ஒரு தலைமுறைக்கே பாடமாக நின்றுவிட்டது.

மாற்றத்தைக் கண்டுபிடி என்ற பகுதிக்கு 2018இல் வந்த 'ஐ'ம் ஆன் அப்சர்வேஷன் டியூட்டி' முன்னோடி. கண்காணிப்புக் கேமரா வழியாக அறைகளைப் பார்த்து, எது இடம் மாறியது என்று புகார் அனுப்ப வேண்டும். ஆனால் அங்கே நீங்கள் திரைக்கு இந்தப் பக்கம் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இடத்தின் உணர்வு 'பேக்ரூம்ஸ்' என்று இணையத்தில் பரவிய ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. மஞ்சள் சுவர், பழைய கம்பளம், ஜன்னலே இல்லாத காலி அறைகள். 2019 மே மாதம் இணையத்தில் யாரோ ஒருவர் அந்தப் படத்துக்கு ஒரு சின்னக் கதை எழுதப்போய், அது பெரிய புராணமாகவே வளர்ந்துவிட்டது. அந்த இடம் எது என்று 2024இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊரில், மராமத்து நடந்துகொண்டிருந்த ஒரு கடை. தெரிந்தபிறகும் படம் அதே அளவு உறுத்துகிறது என்பதுதான் வேடிக்கை.

கோட்டாகே கிரியேட்டும் இதை மறைக்கவில்லை. ஜப்பானியச் சுரங்க நடைபாதைகள், லிமினல் ஸ்பேஸ், பேக்ரூம்ஸ் மூன்றும்தான் தூண்டுதல் என்று கேமின் விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

ஜப்பானில் நிஜமாகவே இப்படி வாசல் தேடி அலைய வேண்டியிருக்குமா?

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். வாசல் எண் தெரியாமல் போனால் தரைக்கு அடியிலேயே சுற்ற வேண்டியதுதான். அங்கே மஞ்சள் பலகை என்றால் வெளியேறும் வழி. அந்த நிறத்தை நம்பிப் பழகியவர்களுக்கு, பூஜ்யத்திலேயே நிற்கும் மஞ்சள் பலகை எவ்வளவு எரிச்சல் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தரையில் ஓடும் மஞ்சள் புடைப்புக் கட்டைகளையும் கவனித்திருப்பீர்கள். பார்வையற்றவர்கள் காலாலும் கைத்தடியாலும் உணர்ந்து நடப்பதற்காக 1965இல் செய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர் உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. வழி காட்டவே பிறந்த அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வழியே இல்லாத இடத்தில் நடக்கிறோம்.

அடுத்த பாகம் உண்டா?

2024 மே மாதம் 'பிளாட்ஃபார்ம் 8' வந்தது, இது ரயில் பெட்டிக்குள் நடக்கிறது. முதலாவதன் எளிமை இதில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பிசகுகள் இன்னும் மிரட்டலானவை. 'தி எக்ஸிட் 8'ஐப் பார்த்து மற்றவர்கள் செய்த கேம்களுக்குக் கணக்கே இல்லை. ஜப்பானில் அவற்றுக்கு 'எட்டு மாதிரி' என்ற பொருளில் ஒரு பெயரே வந்துவிட்டது. 2025இல் 'தி எக்ஸிட் 8' கென்கி கவமுரா இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்து கான் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடப்பட்டது.

பழைய லேப்டாப்பில் ஓடுமா? தலைசுற்றல் வருமா?

அன்ரியல் எஞ்சின் 5 என்ற, கேம் செய்யும் கனமான மென்பொருளில் செய்தது என்பதால் பழைய கணினி திணறலாம். காட்சித் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். இதைப் போல, நடப்பவரின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் கேம்களில் தலை சுற்றுகிறவர்கள் திரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, அறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடினால் சமாளிக்கலாம். விளக்கைப் போட்டால் பயம் குறையும் என்று கவலை வேண்டாம், கேமிலும் விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது.

தனியாக ஆடுவதா, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வதா?

முதல் தடவை தனியாக. இரண்டாம் தடவை ஒருவரைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கண் இருந்தால் சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழாம் எண்ணில் நின்றுகொண்டு நண்பன் "அந்த மூன்றாவது கதவு இப்படி இல்லை" என்றான். "இப்படித்தான் இருந்தது" என்றேன் நான். ஐந்து நிமிடம் வாதாடினோம். அவன் குரலில் அவ்வளவு உறுதி இருந்ததால் திரும்பினேன். வளைவைத் தாண்டியதும் பலகையில் பூஜ்யம். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எதிரே அந்த ஆள் வழக்கம்போல நடந்து வந்துகொண்டிருந்தார்.